படிக்கட்டு இல்லாத அரங்குகள்: சிறுசேரியிலிருந்து சாளுவன்குப்பம், வசவசமுத்திரம்

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களில் ஆன்சைட் என்று ஐரோப்பா போய் வந்தவர்கள் நிறைய உண்டு. போன இடத்தில் ரோமானிய அரங்கம் ஒன்றையாவது பார்க்காமல் திரும்புபவர்கள் குறைவு. இத்தாலியில் கொலோசியம், இன்றும் கோடை இரவுகளில் இசை நாடகம் நடக்கும் வெரோனா அரங்கம், பிரான்சில் நீம், ஜெர்மனியில் டிரியர் என்று பட்டியல் நீளும். கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம். சுமார் 50,000 பேர் அடுக்கடுக்கான படிகளில் உட்கார்ந்து, நடுவில் இருந்த மணல் களத்தைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் இப்படி ஒன்று உண்டா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

தமிழ்நாட்டில் ரோமானிய அரங்கம் கிடையாது. ஆனால் ரோமில் அந்த அரங்கங்கள் நிறைந்து வழிந்த அதே நூற்றாண்டுகளில் ரோமானியச் சரக்கு வந்திறங்கிய கரை நம்முடையது. அந்தக் கரையில் மக்கள் கைகோத்து ஆடியதைக் காட்டும் சுடுமண் பலகை கிடைத்திருக்கிறது. கூட்டம் கூடுவதற்கென்றே செதுக்கியது போன்ற பல்லவர் காலப் பாறை ஒன்றும் இருக்கிறது. சாளுவன்குப்பம், வசவசமுத்திரம் இரண்டையும் சிறுசேரியிலிருந்து கிளம்பி ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. தமிழரின் பழைய ஆடரங்கம் கல்லால் கட்டியதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடை அமைப்பதற்கு அளவே தருகிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தரையிலிருந்து உயரம் ஒரு கோல். அந்தக் கோல் மூங்கிலில் வெட்டியது. இருபத்து நான்கு பெருவிரல் அளவு கொண்டது. திரைகளில் மூன்று வகை, நிழல் விழாதபடி விளக்கு வைக்கும் முறை, நுழையவும் வெளியேறவும் தனித்தனி வாயில் என்று நுணுக்கமான விவரங்கள் அதில் உண்டு. இவ்வளவு துல்லியமாக அமைத்த மேடையில் இன்று ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மூங்கிலும் மரமும் துணியும் இந்தக் கடற்காற்றிலும் கரையானிலும் எத்தனை காலம் நிற்கும்? பார்வையாளர்கள் உட்கார்ந்தது வெறும் தரையில். ஆகவே இங்கே சிதைவுகளைப் பார்க்க வருகிறவர் தலையைத் தூக்கிக் கட்டடத்தைத் தேட வேண்டாம். மணலையும் செங்கல்லையும் ஓட்டையும் குனிந்து பார்க்கப் பழக வேண்டும்.

போகும் வழி

பலர் தவறவிடும் விஷயம் சாலை. சிறுசேரி இருப்பது ஓஎம்ஆரில். சாளுவன்குப்பம் இருப்பது ஈசிஆரில். ஓஎம்ஆர் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்து திருப்போரூர் தாண்டிப் பூஞ்சேரிப் பக்கம் போய்ச் சேரும், சாளுவன்குப்பத்தைத் தொடாது. எனவே கேளம்பாக்கம் வரை வந்து, அங்கே இடது பக்கம் திரும்பிக் கோவளம் போய், ஈசிஆரில் ஏறித் தெற்கே செல்லுங்கள். சொந்த வண்டியானால் மொத்தம் 25 கிலோமீட்டர் அளவில் வரும். பேருந்தில் போகிறவர்கள் கேளம்பாக்கத்திலும் கோவளத்திலும் மாற வேண்டும். ஈசிஆர் வண்டியில் நடத்துநரிடம் ‘சாளுவன்குப்பம்’ என்பதைவிடப் ‘புலிக்குகை’ அல்லது ‘டைகர் கேவ்’ என்று சொல்லுங்கள், உடனே புரியும். வழியில் திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் வரும். காலையில் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருக்கும். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். சித்திரை, வைகாசியில் போனால் காலை ஒன்பதரைக்கெல்லாம் மணல் சுடும். எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்குள் வாசலில் இருப்பது உத்தமம். வெயில் சாய்ந்து விழும்போதுதான் பாறைச் செதுக்கலின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் இந்தியத் தொல்லியல் துறையின் இணையத்தளத்தில் முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

புலிக்குகை

பெயரைக் கேட்டுப் புலியைத் தேடாதீர்கள், குகையையும் தேடாதீர்கள். சவுக்கு மரங்களுக்கு நடுவே நடந்து போனால் ஒரு பெரும்பாறை. அதில் சிறிய அறை ஒன்று குடையப்பட்டிருக்கிறது. ஏறிப் போகப் படி. அந்த அறையைச் சுற்றி வளைவாகப் பதினொரு யாளித் தலைகள் வெளியே பார்த்தபடி இருக்கின்றன. பக்கத்திலேயே அதே பாறையில் இரண்டு யானைத் தலைகள், அவற்றின் மேல் சிறு மாடங்கள். வேலை முழுதாக முடியவில்லை. உளி நின்ற இடத்தைக் கண்ணால் பின்தொடரலாம். இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தது, அதாவது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

இது எதற்காக? ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். விழா நாளில் உற்சவத் திருமேனியை எழுந்தருளச் செய்து, எதிரே கூடியிருக்கும் மக்கள் தரிசிப்பதற்கான மேடை என்பது ஒன்று. ஆடலும் பாடலும் நடந்த திறந்தவெளி அரங்கம் என்பது இன்னொன்று. என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. சாமி எழுந்தருளிய இடத்தில் கூத்து நடப்பது இன்றும் நம் ஊர்களில் வழக்கம்தானே. இந்தப் பாறை உள்ளே கூப்பிடவில்லை என்பதுதான் முக்கியம். அறைக்குள் நாலு பேர் நின்றால் நெருக்கடி. அத்தனை செதுக்கலும் எதிரே மணலில் நிற்கும் கூட்டத்துக்காக.

ஆகவே பாறையை ஒட்டி நின்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இருபது முப்பது அடி பின்னால் போய் மணலில் உட்காருங்கள். யாளி வளைவு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் கிடைக்கும். உங்களோடு வந்தவரை மேடை அருகே நிறுத்திச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். பின்னால் பாறை, எதிரே திறந்த வெளி. குரல் எவ்வளவு தூரம் வருகிறது என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். யாளித் தலைகள் மேல் மட்டும் ஏற விடாதீர்கள்.

இங்கே உண்மையான புலியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். ரோமானியர் முதன்முதலில் புலியைக் கண்டது இந்தியத் தூதர்கள் வழியாகத்தான். கி.மு. 20 வாக்கில் சாமோஸ் தீவில் பேரரசர் அகஸ்டஸைச் சந்தித்த இந்தியத் தூதுக்குழு கொண்டுபோன பரிசுகளில் புலிகளும் இருந்தன என்று காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். அகஸ்டஸுக்குப் பரிசு அனுப்பிய இந்திய மன்னன் பாண்டியன் என்றும், போரஸ் என்றும் இரு பெயர்கள் சொல்லப்பட்டதாக ஸ்ட்ராபோ குறிக்கிறார். ரோமில் மார்செல்லஸ் அரங்கின் திறப்பு விழாவில் கூண்டுப் புலி ஒன்றை அகஸ்டஸ் மக்களுக்குக் காட்டியதாக பிளினியின் குறிப்பு. பின்னாளில் அரங்கங்களில் காட்டவும் கொல்லவும் விலங்குகளைத் தேடி ரோமானியர் உலகெங்கும் ஆள் அனுப்பிய கதையில் நம் நாட்டுப் பங்கும் உண்டு.

புலிக்குகைக்குச் சற்று வடக்கே அதிரணசண்டக் குடைவரை. பார்க்க எளிமையாக இருப்பதால் பலரும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதன் இரு பக்கச் சுவர்களையும் கவனியுங்கள். ஒரே வடமொழிச் செய்தி ஒரு பக்கம் பல்லவ கிரந்தத்திலும் மறு பக்கம் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கிறது. முன்னால் உள்ள பாறையில் மகிடாசுரனோடு போரிடும் கொற்றவை. மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் இருக்கும் புகழ்பெற்ற சிற்பத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, இதை முதலில் பார்த்துவிட்டு அங்கே போவது நல்லது.

சுனாமி காட்டிக் கொடுத்த கோயில்

இன்னும் வடக்கே, கடலுக்கு நெருக்கமாக, தரை மட்டத்துக்குக் கீழே ஒரு செங்கல் அடித்தளம் தெரியும். கூட்டம் வராத இடம். இந்தப் பயணத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்து போன பிறகு இங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துச் செய்தி. திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலை அது குறித்தது. அப்படி ஒரு கோயில் அப்போது கண்ணில் படும்படி எங்கும் இல்லை. மணல் மேட்டின் மீது சந்தேகம் விழுந்தது. 2005இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. முதலில் பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் பகுதிகளும் தூண்களும் வந்தன. அதற்கும் கீழே செங்கல் கோயில் ஒன்று இருந்தது. அந்தச் செங்கல் கட்டுமானம் சங்க காலத்தது என்று அகழாய்வாளர்கள் கணித்தார்கள். தமிழ்நாட்டில் இதுவரை வெளிப்பட்ட முருகன் கோயில்களில் மிகப் பழையது என்ற பெருமை அதனால் வந்தது.

மேலே நின்றபடியே இரண்டு காலத்தையும் பிரித்துப் பார்க்கலாம். பெரிய, தட்டையான செங்கற்கள் அடுக்கிய வரிசை பழையது. கருங்கல் துண்டுகள் பல்லவர் காலத்தவை. செங்கல்லின் அளவைக் கவனியுங்கள்; இன்று சூளையில் வரும் செங்கல்லைவிட மிகப் பெரியது. காவிரிப்பூம்பட்டினத்திலும் உறையூரிலும் அரிக்கமேட்டிலும் கிடைத்தவற்றோடு இது ஒத்துப்போகிறது. கோயில் வடக்கு நோக்கியது. முன்னால் கல்லால் ஆன வேல் ஒன்று நிற்கிறது. முருகனுக்குரிய இடம் என்று தயக்கமின்றிச் சொல்ல வைத்தவற்றில் அதுவும் ஒன்று.

கல்வெட்டுத் தூண்களில் ஒன்று பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. கார்த்திகைத் திருவிழாவுக்காகப் பத்துக் கழஞ்சு பொன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. இன்னொரு தூண் விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னைச் சொல்கிறது. ஆக, ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த மணலில் கார்த்திகைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது; விளக்கு எரிந்திருக்கிறது.

அதற்கும் வெகு காலம் முன்பு என்ன நடந்தது என்பதற்குத்தான் அந்தச் சுடுமண் பலகை. அதில் பெண்கள் கைகோத்து ஆடும் குரவைக் கூத்து காட்டப்பட்டிருக்கிறது. குரவை வட்டமாக நின்று ஆடுவது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் மாயோனுக்கு ஆடுகிறார்கள். குன்றக் குறவர் முருகனுக்கு ஆடுகிறார்கள். ரோமானிய அரங்கில் பார்ப்பவர்கள் வட்டமாக இருந்தார்கள். நடுவில் சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகளும் கைதிகளும். இங்கே ஆடுகிறவர்களே வட்டம். அவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே சுவர் கிடையாது. கொலோசியத்தின் பிரம்மாண்டத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டில் எது உயர்ந்த கலை என்று கேட்டால் என் பதிலில் தயக்கம் இல்லை.

இந்தக் கோயில் ஒருமுறை அல்ல, இருமுறை அழிந்தது என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள். கடல் சிப்பி கலந்த மணல் படிவுகளைப் பார்த்து, செங்கல் கோயிலைக் கடல்கோளோ புயலோ கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார்கள். பல்லவர் மறுபடி கட்டினார்கள். சோழர் காலம் வரை வழிபாடு இருந்தது. பிறகு மீண்டும் கடல். மூன்றாவது முறை வந்த கடல்தான் அதை நமக்குத் திருப்பிக் கொடுத்தது. செங்கல் விளிம்பில் நிற்காதீர்கள். மணலுக்குள் இருந்து வெளியே வந்த செங்கல் உப்புக் காற்றில் சீக்கிரம் பொடிந்துபோகும். பக்கத்துக் கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். இந்தக் கரையில் நீரோட்டம் வலுவானது. ஆண்டுதோறும் உயிர்ப்பலி நடக்கும் கரை இது.

வசவசமுத்திரம்

மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டு, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் தெற்கே கிளம்புங்கள். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும் செதுக்கிய கல்லறைகளும் இருக்கின்றன. முக்கால் மணி நேரம் போதும். அதற்கும் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் பகுதியில், வயலூருக்கு அருகே வசவசமுத்திரம் என்ற சிற்றூர்.

இங்கே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது, இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் வெளிவந்தது. உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் கிடைத்தன. அவற்றோடு ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. இரு கைப்பிடியும் கூரான அடியும் கொண்ட உயரமான மண் சாடி அது. கப்பலின் அடித்தளத்தில் சாய்த்து அடுக்க வசதியானது. மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு எல்லாம் அதில்தான் வந்தன. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு இந்தக் கரையில் காமரா, பொதுகா, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைக் குறிக்கிறது. அந்த வணிகத்தின் ஒரு சிறு இறங்குதுறையாக வசவசமுத்திரத்தைப் பார்க்கலாம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: இன்று அங்கே பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை. வயலும் தோப்பும் ஆற்று முகமும்தான். அதனால் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடலாம். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் போங்கள். ஆற்று முகத்தில் நின்று பார்த்தால் கப்பல் ஏன் இங்கே ஒதுங்கியது என்பது தானே விளங்கும். உள்ளே பாலாற்று வழியாகக் காஞ்சிபுரம் வரை நிலம் திறந்து கிடக்கிறது. திரும்பும் வழியில் வயலூர்ச் சிவன் கோயிலில் இராஜசிம்மனின் தூண் கல்வெட்டைப் பாருங்கள். பல்லவர் வம்ச வரிசையை நீளமாகச் சொல்லும் கல்வெட்டு அது. காலையில் பார்த்த புலிக்குகையின் காலத்து அரசனே வெட்டுவித்தது.

உயிரோடு இருக்கும் அரங்கம்

பங்குனி முதல் ஆடி வரையான மாதங்களில் போகிறீர்கள் என்றால் டீக்கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணே, பக்கத்துல எங்கயாவது பாரதம் நடக்குதா?’ செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை போகும். ஆடும் இடத்துக்குக் களரி என்று பெயர். மேடை கிடையாது, மூன்று பக்கமும் ஜனங்கள் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான கம்பத்தில் ஏறுவார். படுகளத்தன்று துரியோதனனின் மண்ணுருவம் கோயில் வெளியில் படுத்திருக்கும். மேடைக்கு மூங்கிலும் பார்வையாளருக்குத் தரையும் போதும் என்றிருந்த பழைய வழக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கையில் ஒரு ஜமுக்காளம் கொண்டுபோங்கள். முன்வரிசை ஊர்க்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, ஓரமாக உட்காருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள். கூத்துக்காரர்களுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.

இன்னும் தூரம் போக விரும்பினால்

படிகளோடு கூடிய பழைய அரங்கத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ஆந்திராவுக்குப் போக வேண்டும். நாகார்ஜுனகொண்டாவில் இக்ஷ்வாகு மன்னர் காலத்து அரங்கம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. நீள்சதுரக் களம், ஏறக்குறைய 16 மீட்டருக்கு 14 மீட்டர். நான்கு பக்கமும் படிவரிசை. ரோமானியப் பொற்காசுகளும் அந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கின்றன. நாகார்ஜுனசாகர் அணை நீரில் மூழ்கவிருந்ததால் அரங்கத்தை அனுப்பு என்ற இடத்துக்கு மாற்றி அமைத்தார்கள். மாச்சர்லா வரை ரயில் உண்டு. இதற்கு இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிக்கமேடு அதைவிடப் பக்கம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலியச் செந்நிறப் பாத்திரங்களையும் ஆம்போராக்களையும் வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு தந்த இடம். 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அங்கே நின்றுகொண்டிருக்கும் உயரமான செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியதாக நினைத்துப் படமெடுத்துப் போகிறவர்கள் அதிகம். அவை பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மதகுருமார் பள்ளியின் சுவர்கள். ரோமானியக் காலத்துக் குழிகள் மண் போட்டு மூடப்பட்டுவிட்டன. ஆகவே முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஓடுகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போங்கள். வரிசை மாறினால் மேடு ஒன்றும் சொல்லாது.

இந்த இடங்கள் எதிலும் மழைக்குப் பிறகு தரையில் ஓட்டுச் சில்லுகள் தலைகாட்டும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும், செய்யாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு: கிடந்த இடத்தைவிட்டு எடுத்த ஓடு எந்தக் காலத்தது, எதோடு கிடந்தது என்பதை யாரும் மீட்டுச் சொல்ல முடியாது. புதிதாக எதையாவது பார்த்தால் இருந்த நிலையிலேயே படமெடுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ அன்றே தகவல் கொடுங்கள்.